சன் சிட்டியில் வாசிக்க மாட்டோம்: 1985-இல் வந்த ஒரு கூட்டுப் பாட்டின் பின்னணி

1984 டிசம்பரில் பிரிட்டன் பாடகர்கள் ஒன்று சேர்ந்து எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக ஒரு பாட்டு வெளியிட்டார்கள். 1985 மார்ச்சில் அமெரிக்கப் பாடகர்கள் தங்கள் பங்குக்கு இன்னொன்றை வெளியிட்டார்கள். ஜூலை 13 அன்று லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி நடந்தது. மூன்றிலும் கேட்டது ஒன்றுதான்: பணம் கொடுங்கள். பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டுமா காரணம், எத்தியோப்பிய அரசு நடத்திய போருக்கும் அதில் பங்கு உண்டா என்ற பேச்சையே அந்தப் பாட்டுகள் எடுக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்லாததால்தான் எல்லா வானொலியும் அவற்றைத் தயங்காமல் ஒலிபரப்பின.

அதே ஆண்டின் பிற்பகுதியில் இன்னொரு கூட்டுப் பாட்டு வந்தது. பெயர் 'சன் சிட்டி'. பாடியவர்கள் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் யுனைட்டட் அகெய்ன்ஸ்ட் அபார்தெய்ட்' (நிறவெறிக்கு எதிராக ஒன்றுசேர்ந்த கலைஞர்கள்) என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பாப் டிலன், மைல்ஸ் டேவிஸ், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், போனோ, லூ ரீட், ஜிம்மி கிளிஃப், ரன்-டிஎம்சி, ரிங்கோ ஸ்டார் என்று ஐம்பது பேரளவில் இருந்த அந்தப் பட்டியல் லேசுப்பட்டதில்லை. இருந்தும் இன்றைக்குப் பலருக்கு அந்தப் பாட்டு நினைவில் இல்லை. பஞ்சப் பாட்டுகள் மட்டும் இன்றும் ஒலிக்கின்றன. என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் கூட்டுப் பாட்டுகளில் அரசியலாகச் சிந்தித்துச் செய்யப்பட்டது இது ஒன்றுதான்.

பாட்டைப் புரிந்துகொள்ள முதலில் அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சன் சிட்டி தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்திலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஓர் உல்லாச விடுதி. சோல் கெர்ஸ்னர் என்ற ஓட்டல் அதிபர் கட்டியது. 1979 டிசம்பரில் திறந்தது. கேசினோ, கோல்ஃப் மைதானம், பல ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம், மேலாடையில்லா நடனம் எல்லாம் அங்கே உண்டு. தென்னாப்பிரிக்காவில் சூதாட்டத்துக்கும் அந்த மாதிரி நடனத்துக்கும் அப்போது தடை இருந்தது. அப்படியிருக்க இரண்டு மணி நேரத் தூரத்தில் மட்டும் எப்படி நடந்தது? சட்டப்படி அந்த இடம் தென்னாப்பிரிக்காவே இல்லை என்றது அரசு. அது 'போபுதத்ஸ்வானா' என்ற தனி நாடாம்.

நிறவெறி ஆட்சியின் மிகப் பெரிய தந்திரம் இங்கேதான் இருக்கிறது. 1913-இல் வந்த நிலச் சட்டமும் 1936-இல் வந்த அடுத்த சட்டமும் சேர்ந்து, பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கென்று நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 13 விழுக்காட்டை மட்டும் ஒதுக்கின. பின்னால் வந்த நிறவெறி அரசு அந்தத் துண்டுகளை இனவாரியாகப் பிரித்து, பத்து 'தாயகங்கள்' என்று பெயர் சூட்டியது. அதில் நான்குக்கு 'சுதந்திரம்' வேறு கொடுத்தது: 1976-இல் டிரான்ஸ்கெய், 1977-இல் போபுதத்ஸ்வானா, 1979-இல் வெண்டா, 1981-இல் சிஸ்கெய். சுதந்திரம் கிடைத்த அன்றே அந்த இனத்தைச் சேர்ந்தவர்களுக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை போய்விடும். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவிலேயே பிறந்து, தாயகம் என்று சொல்லப்பட்ட இடத்தை ஒரு நாளும் பார்க்காத ட்ஸ்வானா இனத்தவரும் அன்று முதல் அயல்நாட்டவர். அயல்நாட்டவருக்கு ஓட்டு எதற்கு? கறுப்பினத்தவருக்கு ஓட்டு மறுப்பதாக உலகம் குற்றம் சொன்னால், 'எங்கள் நாட்டில் கறுப்பினக் குடிமக்களே இல்லை, எல்லாரும் பக்கத்து நாட்டுக்காரர்கள்' என்று பதில் சொல்லிவிடலாம். திட்டம் அவ்வளவுதான்.

வரைபடத்தில் போபுதத்ஸ்வானா ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடந்த துண்டுகள். அதிபர் லூகாஸ் மங்கோப்பே. புழங்கிய பணம் தென்னாப்பிரிக்காவின் ராண்ட். தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகத்தில் எந்த நாடும் அதை நாடாக ஏற்கவில்லை. 1960-இலிருந்து 1983 வரை சுமார் 35 லட்சம் பேர் கட்டாயமாக இடம் மாற்றப்பட்டார்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களில் கணிசமானவை போய்ச் சேர்ந்தது இந்த மாதிரித் தாயகங்களுக்குத்தான். ஆண்கள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வேலைக்குப் போய்விட, பெண்களும் குழந்தைகளும் காய்ந்த மண்ணில் கிடந்தார்கள். அந்த மண்ணின் நடுவில்தான் நீச்சல் குளங்களோடு சன் சிட்டி.

இப்போது வெளிநாட்டுப் பாடகர்கள் விஷயத்துக்கு வரலாம். ஐ.நா. பொதுச்சபை 1968-லேயே தென்னாப்பிரிக்காவுடன் கலாச்சார, விளையாட்டு உறவுகளை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. 1980-இல் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்கள் அங்கே போய் வாசிக்கக் கூடாது என்று தடை வைத்திருந்தது. நேராக ஜோகன்னஸ்பர்க்கில் மேடையேறினால் கெட்ட பெயர் நிச்சயம். சன் சிட்டி கொடுத்தது அதற்கு ஒரு சுற்றுவழி: 'இது தென்னாப்பிரிக்கா இல்லை, வேறு நாடு, இங்கே நிறப் பாகுபாட்டுச் சட்டமே கிடையாது, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அரங்கில் உட்காரலாம்.' இரண்டாவது பாதி பொய்யில்லை. அரங்கில் தனித்தனி வரிசை கிடையாதுதான். ஆனால் டிக்கெட் வாங்கி, காரில் இரண்டு மணி நேரம் வந்து, அறை எடுத்துத் தங்க யாரால் முடியும் என்ற கேள்விக்குச் சட்டம் தேவைப்படவில்லை, பணமே பிரித்துவிட்டது. மேற்கத்தியப் பெரும் புள்ளி ஒருவர் அங்கே மேடையேறினால், உலகம் ஏற்காத 'நாட்டுக்கு' அது இலவச அங்கீகாரம். அதற்காகத்தான் சந்தை விலையை விடத் தாராளமான சம்பளம்.

1981-இல் அரங்கத்தைத் திறந்து வைத்துப் பாடியவர் ஃபிராங்க் சினாட்ரா. ராட் ஸ்டூவர்ட், லிண்டா ரான்ஸ்டட் போன்றவர்களும் போனார்கள். 1984 அக்டோபரில் குவீன் குழு போனது. திரும்பி வந்ததும் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. அதே குவீன்தான் ஒன்பது மாதம் கழித்து லைவ் எய்ட் மேடையில் ஆப்பிரிக்காவுக்காகப் பாடி உலகத்தின் கைதட்டலை அள்ளியது. அன்றைக்கு அதில் முரண் இருப்பதாக அநேகம் பேருக்குத் தோன்றவில்லை. பஞ்சம் வேறு, நிறவெறி வேறு என்று மனது தனித்தனிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தது.

அந்தப் பெட்டிகளை உடைக்கக் கிளம்பியவர் ஸ்டீவன் வான் சாண்ட். ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்டில் கிட்டார் வாசித்தவர். பின்னாளில் தொலைக்காட்சித் தொடரில் மாஃபியா ஆளாக நடித்துப் பேர் வாங்கியவரும் இவரே. 1984-இல், ஸ்பிரிங்ஸ்டீனின் புகழ் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், குழுவை விட்டுத் தனியாக அரசியல் பாட்டு எழுதக் கிளம்பினார். தொழிலில் அதைவிட மோசமான முடிவு இருக்க முடியாது என்று அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். போலீஸ் காவலில் கொல்லப்பட்ட கறுப்பினப் போராளி ஸ்டீவ் பிக்கோவைப் பற்றி பீட்டர் கேப்ரியேல் பாடிய பாட்டுதான் அவரைத் தென்னாப்பிரிக்கா பக்கம் திருப்பியது. 1984-இல் நேரிலேயே போய்ப் பார்த்தார்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவர் நேர்காணல்களில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. டாக்ஸியில் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு கறுப்பின மனிதர் நடைபாதையிலிருந்து சாலையில் இறங்குகிறார். ஓட்டுநர் வண்டியை விலக்கவில்லை; அவர் மீது ஏற்றுகிற மாதிரி ஒடித்து, ஒரு வசைச் சொல்லையும் துப்பிவிட்டுப் போகிறான். வேடிக்கைக்குச் செய்தானா, உண்மையிலேயே இடிக்க நினைத்தானா என்று யோசிக்கும் நிலையில் கூட ஸ்டீவன் இல்லை. அதுவரை இரண்டு பக்கத்தையும் கேட்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தவருக்கு அதன் பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அப்புறம் சொவேட்டோவுக்குள் ஒளிந்து போய், பிக்கோ வழிவந்த அசானிய மக்கள் அமைப்பான அசாப்போவைச் சந்தித்தார். அவர்கள் அவரை வரவேற்கும் மனநிலையில் இல்லை. புறக்கணிப்பை மீறி வந்த இன்னொரு வெள்ளைக்காரப் பாட்டுக்காரன் என்றுதான் பார்த்தார்கள். உங்கள் போரை ஆயுதத்தால் ஜெயிக்க முடியாது, தொலைக்காட்சியில் ஜெயிக்கலாம் என்று தான் வாதாடியதாக அவர் சொல்கிறார். இந்தக் கதையில் கொஞ்சம் பாட்டுக்காரர் மெருகு இருக்கலாம். ஆனால் அவர் பிடித்த இலக்கு சரியானது. நிறவெறி முழுவதையும் ஒரு பாட்டில் அடக்க முடியாது. ஓர் இடத்தின் பெயரை அடக்கலாம்.

முதலில் தன் தனி ஆல்பத்துக்கான பாட்டாகத்தான் எழுதினார். டேனி ஷெக்டர் என்ற தொலைக்காட்சிப் பத்திரிகையாளர்தான் இதைப் பலர் சேர்ந்து பாடும் பாட்டாக மாற்றலாம் என்று யோசனை சொன்னார். ஆர்தர் பேக்கர் தயாரிப்பை ஏற்றுக்கொண்டு தன் ஸ்டுடியோவையும் திறந்துவிட்டார். பேக்கர் தற்செயலான தேர்வு என்று விட்டுவிட முடியாது. 1982-இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவோடு சேர்ந்து ஹிப்-ஹாப்பின் ஒலியையே மாற்றிய பதிவைச் செய்தவர் அவர். அதனால் 'சன் சிட்டி'யில் ராக் கிட்டாரும் டிரம் மெஷினும் ராப்பும் சம பங்கில் வருகின்றன. பெரிய ராக் நட்சத்திரங்கள் ராப்பர்களைத் தங்களுக்குச் சமமாக நினைக்காத காலம் அது. பஞ்சத்துக்கான அமெரிக்கப் பாட்டில் ஒரு ராப்பர் கூட இல்லை. இங்கே பாட்டைத் தொடங்கி வைப்பதே அவர்கள்தான்.

பதிவு முறையும் வித்தியாசம். அந்த அமெரிக்கப் பாட்டின் குரல்கள் 1985 ஜனவரி 28-ஆம் தேதி இரவு எல்லாரையும் ஓர் அறையில் அடைத்துப் பதிவானவை. இதற்கோ நாடாக்கள் பல வாரம் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்தன. யார் கிடைக்கிறார்களோ அவர்கள் வரியைப் பாடிவிட்டுப் போனார்கள். கேட்கும்போதே தெரியும்: டேவிட் ரஃபினின் கனிந்த குரலுக்குப் பக்கத்தில் ஜோயி ராமோனின் தட்டையான குரல், ஸ்பிரிங்ஸ்டீனின் கத்தலுக்குப் பக்கத்தில் ரூபன் பிளேட்ஸ். மெருகு குறைவு, உரசல் அதிகம். ஒரே குரலாக இழைத்திருந்தால் பாட்டு செத்திருக்கும்.

ஆள் சேரச் சேர ஒரு பாட்டுக்கு வந்த சரக்கு ஓர் ஆல்பத்துக்கே போதும் என்றாகிவிட்டது. மைல்ஸ் டேவிஸ் வாசித்துவிட்டுப் போன டிரம்பெட்டை எடுத்துவைத்து, அதன்மேல் ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் வாசித்தார்கள். அறுபதுகளில் மைல்ஸின் ஐவர் குழுவில் இருந்த அதே மூவர். இருபது வருடம் கழித்து நாடாவில் கூடினார்கள். போனோ கடைசி நேரத்தில் ஒரு பாட்டு எழுதிக் கொண்டுவர, கீத் ரிச்சர்ட்ஸும் ரான் வுட்டும் கிட்டார் வாசித்தார்கள். நம்மூர்க் காதுகளுக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு: பீட்டர் கேப்ரியேலோடு சேர்ந்து ஆல்பத்தின் இரண்டாவது பாட்டைச் செய்தவர் வயலின் கலைஞர் எல். சங்கர். சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, சக்தி குழுவிலும் பிறகு இரட்டை வயலினாலும் பேர் வாங்கியவர். இனக் கலவரத்தின் காரணமாக யாழ்ப்பாணத்தை விட்டு வந்த குடும்பம் அவருடையது. நிறவெறிக்கு எதிரான பாட்டில் அவர் கை பட்டிருப்பது எனக்கு வெறும் பட்டியல் தகவலாகத் தோன்றவில்லை.

இனி பாட்டு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். கட்டாய இடப்பெயர்ப்பு, போலித் தாயகம், பிரிக்கப்பட்ட குடும்பங்கள், ஓட்டில்லாத கோடிக்கணக்கானவர்கள் என்று வரிகள் வரிசையாக விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன. கவித்துவம் குறைவுதான், துண்டறிக்கைக்கு மெட்டுப் போட்ட மாதிரி சில இடங்கள் இருக்கின்றன. அமெரிக்க அதிபர் ரீகனைப் பெயர் சொல்லி இழுக்கிறது. தென்னாப்பிரிக்காவைத் தண்டிக்காமல் பேசிப் பேசித் திருத்தலாம் என்ற 'ஆக்கபூர்வ ஈடுபாடு' கொள்கையைப் பிடித்து, நம் அரசு முடிந்ததையெல்லாம் செய்கிறதாம் என்று கிண்டலடிக்கிறது. ஆனால் காதில் நிற்பது பல்லவி: நான் சன் சிட்டியில் வாசிக்க மாட்டேன்.

அந்தப் பல்லவியில்தான் இந்தப் பாட்டின் மூளை இருக்கிறது. கேட்பவரிடம் அது ஒன்றும் கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை, கண்ணீர் கேட்கவில்லை. பாடுகிறவர் தன் கையில் இருக்கும் ஒரே பொருளை, அதாவது தன் உழைப்பை, ஓர் இடத்துக்குத் தர மாட்டேன் என்கிறார். நாளைக்கே மீறினால் ஊரறிய மாட்டிக்கொள்வார். அரசியல் பாட்டுகளில் பெரும்பாலானவை பாடுபவருக்கு எந்தச் செலவும் வைப்பதில்லை. அமைதி வேண்டும், அன்பு வேண்டும் என்று பாடிவிட்டு யாரும் எதையும் இழப்பதில்லை. இது ஒப்பந்தப் பத்திரம் மாதிரி. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவோடு மோத மறுத்து இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அமிர்தராஜ் சகோதரர்கள் ஆட வேண்டிய போட்டி அது. ஆனால் அந்த முடிவு ஆட்டக்காரர்களுக்கு மேலிருந்து வந்தது. சன் சிட்டி விஷயத்தில் ஒவ்வொருவரும் தன் வாயாலேயே சொன்னார்கள்.

முதல் வரைவில் இன்னொரு விஷயமும் இருந்தது. அங்கே போய் வாசித்தவர்களைப் பெயர் பெயராகக் குத்தியிருந்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பெயர்கள் இருந்திருந்தால் பத்திரிகைகள் நட்சத்திரச் சண்டையை எழுதியிருக்கும், போபுதத்ஸ்வானாவை எழுதியிருக்காது. தவிர, போனவர்களில் சிலருக்கு அந்த 'நாட்டின்' கதையே தெரியாது. மனம் மாறித் திரும்பி வர அவர்களுக்கு ஒரு வழி விட வேண்டியிருந்தது.

பாட்டு வெளிவந்து அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 38-ஆம் இடம் வரைதான் ஏறியது. பிரிட்டனில் 21. இத்தனை பெரிய கூட்டத்துக்கு இது குறைவு. ரீகனைக் கிண்டலடித்த பாட்டு வரிகளால் சில வானொலி நிலையங்கள் ஒதுங்கின. அமெரிக்க வானொலி அப்போது நிறவாரியாகப் பிரிந்து கிடந்ததும் ஒரு காரணம்: ராக் நிலையங்களுக்கு இது ரொம்பக் கறுப்பு, கறுப்பின நிலையங்களுக்கு ரொம்ப ராக். நிறப் பாகுபாட்டை எதிர்த்த பாட்டை அமெரிக்காவின் சொந்தப் பாகுபாடே மடக்கிப் போட்டது. காணொளி அந்த வேலியைத் தாண்டியது. ஜொனாதன் டெம்மி உள்ளிட்டோர் எடுத்த அது எம்டிவியிலும் கறுப்பினப் பார்வையாளர்களுக்கான பிஇடி அலைவரிசையிலும் ஓடியது. நியூயார்க் தெருவில் பாடகர்கள் நடந்து வர, இடையிடையே தென்னாப்பிரிக்கக் காவலர்கள் கூட்டத்தை அடிக்கும் காட்சி. தென்னாப்பிரிக்காவில் பாட்டுக்குத் தடை.

பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. நியூயார்க்கின் ஆஃப்ரிக்கா ஃபண்ட் மூலம் அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கும், நாடு கடந்து வாழ்ந்த மாணவர்களின் படிப்புக்கும், அமெரிக்காவிலேயே நடந்த எதிர்ப்பு இயக்கங்களுக்கும் அந்தப் பணம் போனது. பள்ளிகளுக்கென்று பாடக் கையேடும் தயாரித்தார்கள்.

1986 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை விதிக்கும் சட்டத்தை, ரீகனின் வீட்டோவைத் தள்ளி நிறைவேற்றியது. மேலவையில் 78-க்கு 21. இதைப் பாட்டின் வெற்றி என்று எழுதுபவர்கள் உண்டு. அது மிகை. 1984 இறுதியிலிருந்து வாஷிங்டனில் தூதரகத்தின் முன் தினமும் கைதானவர்கள், பங்குகளை விற்கச் சொல்லிப் பல்கலைக்கழகங்களில் குடிசை போட்டு உட்கார்ந்த மாணவர்கள், ரான் டெல்லம்ஸ் போல வருடக்கணக்கில் மசோதாவோடு நின்ற உறுப்பினர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக 1985-இல் நெருக்கடி நிலைக்குள்ளும் தெருவில் நின்ற தென்னாப்பிரிக்க மக்கள்: காரியம் இவர்களுடையது. பாட்டு அந்த நேரத்தில் இளைஞர்களின் அறைக்குள் ஒரு புதிய ஊர்ப் பெயரைக் கொண்டு சேர்த்தது. அதற்கு மேல் ஒரு பாட்டிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அதன் பிறகு சன் சிட்டிக்கு யாருமே போகவில்லை என்பதும் சரியில்லை. 1987-இல் பிளாக் சப்பாத் என்ற ராக் குழு போனது. ஆனால் அதன் டிரம்மர் பெவ் பெவன் வர மறுத்துவிட, வேறு ஆளை வைத்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. மூன்று வருடம் முன்பு குவீன் போனபோது குழுவுக்குள் இப்படி யாரும் விலகவில்லை. மாற்றத்தை அளக்க எனக்கு இந்த ஒரு தகவல் போதும்.

புறக்கணிப்புக்கு உண்மையான சோதனை வந்தது வேறு திசையிலிருந்து. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 'சன் சிட்டி' பாட்டில் பாட மறுத்திருந்தார். தன் தோழி ரான்ஸ்டட்டின் பெயர் வரைவில் இருந்ததும் ஒரு காரணம். 1985-இல் அவர் ஜோகன்னஸ்பர்க் போய் உள்ளூர்க் கலைஞர்களோடு பதிவு செய்து, 1986-இல் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தை வெளியிட்டார். அவர் சன் சிட்டியில் வாசிக்கவில்லை, கறுப்பினக் கலைஞர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்தார், லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற தென்னாப்பிரிக்கப் பாடகர் குழுவை உலகம் முழுக்க அறிமுகப்படுத்தினார். ஆனாலும் போகக் கூடாது என்ற இடத்துக்கு, இயக்கத்தைக் கேட்காமல் போனார். 1987-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வெளியே பிரிட்டன் இசைக்கலைஞர்கள் ஜெர்ரி டாமர்ஸும் பில்லி பிராகும் எதிர்ப்புத் தெரிவிக்க, உள்ளே அதே மேடையில் பாடியவர்கள் மிரியம் மக்கேபாவும் ஹியூ மசக்கேலாவும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பல பத்து வருடம் நாடு கடந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். யார் பக்கம் நியாயம் என்று உடனே சொல்லிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

உழைப்பை விலக்கிக்கொள்வது எளிதில் புரியும். எப்போது, யார் சொல்லி அதைத் திரும்பக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். 1991 டிசம்பரில் ஐ.நா. கலாச்சாரப் புறக்கணிப்பை விலக்கியது. 1994-இல் போபுதத்ஸ்வானாவே இல்லாமல் போனது. மங்கோப்பே பதவியிழந்தார், அந்தத் துண்டுகள் தென்னாப்பிரிக்காவோடு இணைந்தன, சன் சிட்டி இன்று வடமேற்கு மாகாணத்தில் ஒரு சுற்றுலா விடுதி. ஆனால் இடைப்பட்ட காலத்தில், 1992 ஜனவரியில், பால் சைமன் ஜோகன்னஸ்பர்க்கில் கச்சேரி செய்ய வந்தார். மண்டேலா அவரை வரவேற்றார். ஸ்டீவன் ஒருகாலத்தில் ஒளிந்து போய்ச் சந்தித்த அசாப்போ தரப்போ, இன்னும் ஓட்டுரிமை வரவில்லை, புறக்கணிப்பு முடியவில்லை என்று எதிர்த்தது. நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் அலுவலகத்தின் மீது கையெறி குண்டு வீசப்பட்டது. பலத்த காவலோடு கச்சேரி நடந்தது.